சிவப்பு விளக்கு முன்னால் வந்த வண்டி

கொல்லம் 1107-ஆம் ஆண்டு மாசி மாதம், விளவங்கோடு தாலுகா குருசடி ஏற்றத்தில் மீன்காரி குளோரி மோட்டார் வண்டியால் இடிபட்ட கேஸில், இன்ஸ்பெக்டர் எஜமான் அவர்கள் முன்பாக, அழைப்பில்லாமல் தானே வந்த சாட்சி சொல்லச் சொல்ல ஸ்டேஷன் ரைட்டர் எழுதியது.

என் பெயர் ஞானபாய். வயது முப்பத்தாறு. பாறைவிளை குமாரதாஸ் என்பவரின் மனைவி. தகப்பனார் காலஞ்சென்ற ஞானையன். மதம் கிறிஸ்தவம், மிஷன் சபை. தொழில் வீட்டுக்காரியம். இனயத்துக்கு இறங்கும் ரோட்டில், குருசடி ஏற்றத்தின் தலைப்பில் உள்ள ஓட்டுவீட்டில் குடியிருக்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. வேதப்புத்தகத்தில் எழுத்துக் கூட்டி நானாகப் படித்தேன். வீட்டு வரவு செலவை நானே எழுதி வருகிறேன். ஆகையால் இப்போது ரைட்டர் எழுதுவதைக் கடைசியில் நானே வாசித்துப் பார்ப்பேன் என்பதை முதலிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

என்னை யாரும் சொல்லிக்கொடுத்து அனுப்பவில்லை. என் புருஷன் வெளியே புளியமரத்தடியில் நிற்கிறார். நான் இங்கே வருவதில் அவருக்குச் சம்மதமில்லை. என்றாலும் காளைவண்டி பூட்டி என்னைக் கொண்டுவந்து விட்டவர் அவர்தான்.

குளோரியை இடித்ததாக வாடகைக் கார் ஓட்டும் சகாயம் என்பவரை இந்த ஸ்டேஷனில் அடைத்து வைத்திருக்கிறீர்கள். சகாயம் இடிக்கவில்லை. இடித்தது என் கூடப்பிறந்த அண்ணன், கயிறு வியாபாரம் செய்யும் சத்தியநேசன். இடித்த வண்டி அவருடைய போர்டு மோட்டார் வண்டி. நான் கண்ணால் கண்டேன்.

குருசடி ஏற்றம் கடற்கரைப் பக்கமிருந்து எங்கள் ஊருக்கு ஏறும் செங்குத்தான ரோடு. அதன் அடியில் மூன்று ரோடு கூடும் முக்கு இருக்கிறது. அதில் ஒரு ரோடு கருங்கலிலிருந்து வருகிறது, ஒன்று இனயத்துக்குப் போகிறது, மற்றது எங்கள் ஏற்றம். பாதி ஏற்றத்தில் ரோட்டோரமாகத் தலைச்சுமை இறக்கிவைக்கும் சுமைதாங்கிக் கல் நாட்டியிருக்கிறது. அதற்கு நேர் மேலே எங்கள் தோட்டமான விளையைச் சேர்ந்த பாறை. அந்தப் பாறையில் நின்றால் முக்கிலிருந்து எங்கள் வாசல் வரை ரோடு முழுவதும் மறைவில்லாமல் தெரியும்.

சம்பவம் நடந்த செவ்வாய்க்கிழமை, பாறையில் வெட்டிக் காயப்போட்டிருந்த மரச்சீனிக் கிழங்கைப் பனி விழுமுன் வாரி எடுக்கப் போனேன். வீடுகளில் விளக்கு ஏற்றும் நேரம். ஆனால் ஆள் முகம் தெரியும் வெளிச்சம் இருந்தது. அப்போது குளோரி கீழேயிருந்து மீன்கூடையான கடவத்தோடு ஏறி வந்து கல்லின்மேல் கடவத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள். அவளுடைய மாமியார்தான் எங்கள் பக்கம் வழக்கமாக மீன் கொண்டுவருகிறவள். மாமியாருக்கு முடியாமல் போனதால் இவள் அந்த மாதம்தான் வரத் தொடங்கியிருந்தாள். என்னைப் பாறையில் கண்டதும் கூப்பிட்டாள்.

"அக்கா, சாளை வேணுமா? துடிக்குது!"

"இப்பம் துடிக்குதா, காலத்த துடிச்சதா?" என்று கேட்டேன்.

"கையில எடுத்துப் பாரும். உம்ம கன்னத்தில அடிக்கும்."

கிழங்கை வாரிவிட்டு வருகிறேன், வாசலுக்கு வா என்று சொன்னேன். அதன் பிறகு அவள் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள். அந்த நேரம் முக்கில் மோட்டார் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். முக்கில் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தது.

கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த காரியம் ஒன்று உண்டு. வெள்ளை விளக்கு தெரிந்தால் வண்டி வருகிறது, ரோட்டை விட்டு ஒதுங்க வேண்டும். சிவப்பு விளக்கு தெரிந்தால் வண்டி போகிறது, தாராளமாக நடக்கலாம். கருங்கல் ரோட்டில் வந்த ஏதோ வண்டி இனயத்துக்குப் போகிறது என்று குளோரி எண்ணினாள். "காறு அங்கன போவுது அக்கா, ரோடு காலி" என்று சொல்லிக் கல்லிலிருந்து ரோட்டில் இறங்கி, முக்குக்கு முதுகைக் காட்டி நின்று, கடவத்தைத் தலைக்கு இழுத்தாள்.

எனக்கு அந்த வண்டியைத் தெரியும். ஆகையால் கிழங்குச் சுளகைப் போட்டுவிட்டுக் கத்தினேன். "ஏட்டி, மாறு! அது மேல வருது, மாறு!" என்றேன். அவள் வண்டியைப் பார்க்காமல் பாறையில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்ன அக்கா?" என்று கேட்டாள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கையிலேயே வண்டியின் பின்புறம் வந்து அவளைக் கல்லோடு சேர்த்து நெருக்கியது.

வண்டி எப்படிப் பின்புறமாக ஏறும், அது மெய்யாக நடக்கக்கூடியதா என்று எஜமான் அவர்கள் கேட்டதற்குச் சொல்வது:

அந்த வண்டியை அண்ணன், சீமைக்குத் திரும்பிப்போன தோட்டத்துத் துரை ஒருவரிடமிருந்து வாங்கினார். அதற்குப் பெட்ரோல் ஊற்றும் வாய் வெளியில் கிடையாது. முன் இருக்கையின் மெத்தையைத் தூக்கினால் அதன் அடியில் தொட்டி இருக்கிறது. நான் அதில் ஏறிப்போன நாட்களில் பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் என்னை எழுந்திருக்கச் சொல்வார்கள். ஆகையால் தொட்டி இருக்கும் இடம் எனக்கு நன்றாகத் தெரியும். இயந்திரம் முன்னால் இருக்கிறது. தொட்டியிலிருந்து இயந்திரத்துக்குப் பெட்ரோல் தன் பாரத்தினாலேயே குழாய் வழியாக இறங்கிப் போகிறது. உறிஞ்சி எடுக்கிற கருவி ஒன்றும் அதில் இல்லை. சமதரையில் சங்கடமில்லை. ஏற்றத்தில் மூக்கு மேலே தூக்கினால் இயந்திரம் தொட்டியைவிட உயர்ந்துவிடும். தொட்டி நிறைந்திருந்தால் சமாளிக்கும். குறைவாக இருந்தால் பெட்ரோல் எட்டாமல் வண்டி இருமி இருமி நின்றுவிடும். அப்போது ஒரே வழி, முக்கில் வண்டியைத் திருப்பி நிறுத்திப் பின்புறமாக ஏறுவதுதான். அப்படி ஏறினால் தொட்டி உயரத்திலும் இயந்திரம் தாழ்விலும் வரும், பெட்ரோல் தடையில்லாமல் இறங்கும். அண்ணன் தொட்டியை நிறைத்து வைக்கிறவர் அல்ல. எனவே ஏறக்குறைய எப்போதும் பின்புறமாகத்தான் ஏறுவார்.

அந்த வண்டியில் மற்ற வண்டிகளைப் போல மாற்றிப் போடுகிற கியர்க்கம்பியும் இல்லை. காலடியில் மூன்று மிதி உண்டு. இடது மிதி முன்னே போவதற்கு, நடு மிதி பின்னே போவதற்கு, வலது மிதி நிறுத்துவதற்கு. வேகம் கூட்டவும் குறைக்கவும் காலுக்கு ஒன்றுமில்லை. கையில் பிடிக்கும் வளையத்தின் கீழே ஒரு சின்னக் கம்பி இருக்கிறது, அதை விரலால் இழுப்பார். நடு மிதியை அழுத்திக்கொண்டு, கழுத்தைத் தோளுக்கு மேலாகத் திருப்பி, துணிக்கூரையின் பின்பக்கத்துச் சிறு கண்ணாடித்தாள் வழியாகப் பார்த்தபடி ஏறுவார். அந்தத் தாள் மஞ்சளடித்துப் போயிருக்கிறது, அதன் வழியாக ஒன்றும் சரியாகத் தெரியாது.

எங்கள் சபைக்கோயில் ஏற்றத்துக்கு மேலே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இனயத்துப் பக்கம் போய்த் திரும்பும் நாட்களில் அண்ணனும் அவர் மனைவியான மைனி பூங்கனியும் நானும் அந்த வண்டியில் முகம் கடலைப் பார்க்க முதுகு கோயிலைப் பார்க்க ஏறி வருவோம். ரோட்டில் நிற்பவர்கள், "அண்ணாச்சிக்க காறு கடலுக்கு முதுவு காட்டாதாக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். மைனி சீலைத்தலைப்பால் முகத்தை மூடிக்கொள்வாள். இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த காரியம். குளோரி கடற்கரைக்காரி, புதிதாக வருகிறவள், அவளுக்குத் தெரியாது.

விளக்கைப் பற்றிக் கேட்டதற்குச் சொல்வது: முன்பக்கத்து வெள்ளை விளக்குகள் இரண்டும் இயந்திரத்தின் சக்தியிலேயே எரிகிறவை. இயந்திரம் இரைந்தால் ஜொலிக்கும், தணிந்தால் அணையப் பார்க்கும். அன்று அவை முக்குப் பக்கம் பார்த்திருந்தன. வண்டி ஏற ஏற அந்த வெளிச்சம் கீழ் ரோட்டில் கூடியும் குறைந்தும் விழுந்ததை நான் பாறையிலிருந்து கண்டேன். பின்பக்கத்துச் சிவப்பு விளக்கு மண்ணெண்ணெய் விளக்கு. மைனி சாயங்காலம் வீட்டு விளக்குகளைத் துடைக்கும்போது அதையும் கழற்றித் துடைத்து, எண்ணெய் ஊற்றித் திரி திருத்தி வைப்பாள். வண்டி பின்புறமாக ஏறினால் அந்தச் சிவப்பு விளக்குதான் முன்னால் வரும்.

அதன் பிறகு நடந்தது இது. இடித்தவுடன் கண்ணாடி உடையும் சத்தமும் குளோரியின் சத்தமும் சேர்ந்து கேட்டன. அண்ணன் திரும்பிய கழுத்தோடு பக்கவாட்டில் தலையை வெளியே நீட்டி அவளைப் பார்த்தார். அவர் முகத்தை நான் கண்டேன். அதன் பிறகு மிதியிலிருந்து கால் எடுத்திருக்க வேண்டும். வண்டி மூக்கு கீழே பார்த்து நின்றபடியால் தானாகவே உருண்டது. "அண்ணே, நிறுத்தும்!" என்று கத்தினேன். நிற்கவில்லை. திருப்ப வேண்டிய அவசியமே இல்லாமல் முக்கு வரை உருண்டு, அப்படியே இனயத்து ரோட்டில் போய்விட்டது. முக்கில் நின்றவர்கள் யாராவது அதைக் கண்டிருந்தால், மேலேயிருந்து ஒழுங்காக இறங்கிப் போகிற வண்டியாகத்தான் கண்டிருப்பார்கள். அவர்கள் அப்படிச் சொன்னால் அது பொய்யல்ல. வண்டி ஏறியதை அவர்கள் பார்க்கவில்லை.

நான் பாறையிலிருந்து சரிந்து இறங்கி ஓடினேன். குளோரி கல்லடியில் கிடந்தாள். சாளை மீன் ரோடு முழுவதும் சிதறிக் கிடந்தது. அவளுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போயிருந்தது. என் சீலையைக் கிழித்துக் கட்டினேன். அவள் உடுத்திருந்த துணியில் மண்ணெண்ணெய் நனைந்து நாற்றம் அடித்தது. கல்லைச் சுற்றிச் சிவப்புக் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. அவள் கேட்டது ஒன்றுதான். "அக்கா, அது போன காறுதானே?" என்றாள். அதன் பிறகு நினைவு தப்பிவிட்டது.

சற்று நேரம் கழிந்து சகாயம் ஓட்டிய கார் ஏற்றத்தின் மேலேயிருந்து இறங்கி வந்தது. நான் எழுந்து ரோட்டு நடுவில் கை விரித்து நின்றேன். அவன் சுமைதாங்கிக்கு வெகு மேலேயே நிறுத்திவிட்டு ஓடி வந்தான். ஆகையால் அவனுடைய கார் அவளைத் தொடவே இல்லை.

"மாதாவே! யாரு இடிச்சா அக்கா?" என்று கேட்டான்.

"கீழ போன வண்டி" என்றேன்.

"கீழ போன வண்டி மேல நிக்கியவள எப்பிடி இடிக்கும்?"

"கேக்காத. தூக்கு" என்றேன்.

அவன் காரை அருகே கொண்டுவந்தான். நான் தலைப்பக்கமும் அவன் கால்பக்கமுமாகத் தூக்கினோம். முதலில் காரின் முன் சக்கரத்து மட்கார்டின்மேல் அவளைச் சாய்த்து வைத்துத்தான் கதவைத் திறக்க முடிந்தது. பின்பு அவன் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மட்கார்டில் இரத்தம் பட்டது அப்படித்தான். அதைக் கண்டுதான் அவனைப் பிடித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். இரத்தத்துக்குப் பயந்து அவன் அவளை ரோட்டிலேயே விட்டுப் போயிருந்தால் இன்று வீட்டில் இருந்திருப்பான். குளோரி இருந்திருக்க மாட்டாள்.

சகாயத்தின் காருக்கும் அண்ணனுடைய வண்டிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டதற்குச் சொல்வது: சகாயம் ஓட்டுவது செவர்லே. அதன் சக்கரம் தட்டுப்போல மூடிய இரும்பு. அண்ணனுடையது மர ஆரக்கால் வைத்த சக்கரம். செவர்லேக்குப் பெட்ரோல் தொட்டி பின்னால் இருக்கிறது. இயந்திர மூடிக்குள் பெட்ரோலை உறிஞ்சி எடுக்கும் குடம் ஒன்று இருக்கிறது, ஆகையால் எந்த ஏற்றத்திலும் முன்னே பார்த்தே ஏறும். கார் கொதித்தால் சகாயம் எங்கள் கிணற்றில் தண்ணீர் கேட்டு நிற்பான். ஒருநாள் மூடியைத் திறந்து, "இந்தக் குடம் இல்லேண்ணா நானும் உங்க அண்ணாச்சி மாதிரி கடலப் பாத்துட்டே ஏறணும்" என்று காட்டினான். அதன் விளக்குகள் முன்னும் பின்னும் மின்சாரத்தில் எரிகிறவை. காரில் மண்ணெண்ணெய் கிடையாது. குளோரியின் துணியில் மண்ணெண்ணெய் எப்படி வந்தது என்பதை எஜமான் அவர்கள் விசாரிக்க வேண்டும். இறங்கி வருகிற வண்டி தன் பின்விளக்கை ஒருத்தியின் இடுப்பில் உடைக்க முடியுமா என்பதையும் விசாரிக்க வேண்டும். நான் பொறுக்கிய கண்ணாடித் துண்டுகளை இந்தத் துணியில் முடிந்து கொண்டுவந்திருக்கிறேன், ஒப்படைக்கிறேன்.

இதை ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டதற்குச் சொல்வது: மறுநாள் போலீஸ்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். என் புருஷன் வெளியே போய், எங்கள் வீட்டுப் பெண்கள் ஒன்றும் காணவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் அடுக்களையில் நின்று கேட்டேன். அண்ணன் தாமே வந்து சொல்லிவிடுவார், அதற்கு ஒருநாள் இடம் கொடுக்கலாம் என்று எண்ணினேன். அவர் ஸ்டேஷனுக்கு வந்தார் என்பது மெய்தான். தம்முடைய வண்டி அந்த நேரம் இனயத்துக்கு இறங்கிப் போனதாகவும், குளோரி கண்ட சிவப்பு விளக்கு தம்முடையதாகவே இருக்கலாம் என்றும், அவளை இடித்தது பின்னால் மேலேயிருந்து வந்த வேறு வண்டியாக இருக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார். மட்கார்டில் இருந்த இரத்தத்தோடு இதையும் வைத்துத்தான் சகாயத்தைப் பிடித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை வாசலுக்கு வந்த மீன்காரிகள் சகாயத்தை அடைத்ததைச் சொன்னார்கள். குளோரிக்குப் பேய் பிடித்திருக்கிறது, போன வண்டி வந்து இடித்ததாக உளறுகிறாள் என்றும் சொன்னார்கள். நான் கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுடைய காலை எடுத்துவிட்டார்கள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்க கண்ணு கெட்டுப் போச்சுண்ணு எல்லாரும் சொல்லுதாவ. எனக்க மாப்பிள்ளையும் சொல்லுதாரு. சிவப்பு விளக்கு நான் கண்டேன். போற வண்டி எப்பிடி அக்கா வரும்?"

"உனக்க கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல மக்கா. நீ கண்டது சரி. அத நான் சொல்ல வேண்டிய இடத்தில சொல்லுவேன்" என்றேன்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து என் புருஷனிடம் பேசினேன். "உனக்க கூடப்பிறந்தவனாக்கும்" என்றார். "அதனாலதான் எனக்கு அந்த வண்டியத் தெரியும்" என்றேன். அவர் அண்ணனிடம் போக வேண்டும் என்றும், ஞாயிறு ஆராதனைக்குள் அண்ணன் ஸ்டேஷனில் மெய்யைச் சொல்லாவிட்டால் திங்கட்கிழமை நான் சொல்வேன் என்றும் சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் என்னைப் பார்க்க வந்தார். வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். கீழே முக்கில் வண்டிச் சத்தம் கேட்டது. நின்றது, திரும்பியது, மறுபடி இரைந்தது. எட்டிப் பார்த்தேன். போர்டு வண்டி முதுகைக் காட்டிக்கொண்டு ஏற்றத்தில் ஏறி வந்தது. அதே கழுத்து, அதே திருப்பல். சுமைதாங்கிப் பக்கம் வந்தபோது கூட நிற்கவில்லை. பின்விளக்கு இருந்த இடத்தில் வெறும் தாங்கு இரும்பு மட்டும் இருந்தது. கருப்பட்டிச் சுமையோடு நடந்துவந்த சிலுவைமுத்து என்பவர் ஒதுங்கி நின்று, "அண்ணாச்சி, இன்னைக்கும் கடலுக்கு முதுவு காட்டலியே!" என்று கூப்பிட்டுச் சிரித்தார். அவரை விசாரித்தால் சொல்வார்.

வண்டி எங்கள் வாசலில் பின்புறமாகவே வந்து நின்றது. அண்ணன் இறங்கினார். என் புருஷன் வெளியே வந்தார். அதுவரை அண்ணனுக்காகப் பரிந்து பேசிய மனிதர், வண்டி நின்ற நிலையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

"ஏட்டி, நீ என்ன கண்டேண்ணு சொல்லப் போற? எனக்க வண்டி அண்ணைக்கு ஏற்றத்தில ஏறவே இல்ல" என்றார் அண்ணன்.

"இப்பம் எப்பிடி வந்தீரு அண்ணே?" என்று கேட்டேன்.

அவர் திரும்பி வண்டியைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பழக்கத்தினால் வந்துவிட்டார். அதன் பிறகு திண்டில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"நிறுத்தத்தான் மிதிச்சேன் மக்கா. அவ கூப்பாடு கேட்டு காலு எடுத்துப் போச்சு. வண்டி தானா உருண்டுது. கீழ போய்ச் சேந்தப்பம் மறுபடியும் ஏறி வர தைரியம் வரல்ல."

"அண்ணைக்கு வரல்ல, சரி. அடுத்த நாளு ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்க தைரியம் வந்துதே" என்றேன்.

"சகாயம் கடற்கரைக்காரன். அவனுக்க ஆளுக நாலு பேரு வந்து சாட்சி சொல்லி எறக்கிருவாவ. நான் சபைக் கமிட்டியில இருக்கியவன். எனக்கு அது நடக்குமா? சபையையும் நெனச்சுப் பாரு."

"பொய்ச்சாட்சி சொல்லாதேண்ணு உள்ள கற்பனையில சபைக்கு விலக்கு எழுதியில்ல. அண்ணனுக்கும் இல்ல."

"உன்னக் கோர்ட்டில நிக்க வச்சு வக்கீலு கேள்வி கேப்பான். பெண்ணாப் பிறந்தவ, தாங்குவியா?"

"கேக்கட்டு. பெட்ரோல் எங்க ஊத்துவாவண்ணு கேட்டா, எனக்க இருக்கைக்கு அடியிலண்ணு சொல்லுவேன்."

அவர் எழுந்தார். "அப்பனுக்குப் பெறவு உன்ன கெட்டிக் கொடுத்தது நான்" என்றார். அது மெய். நான் மறுக்கவில்லை. "அந்தக் கடன் எனக்க தலையில கெடக்கட்டு. குளோரிக்க கணக்கில அத எழுத மாட்டேன்" என்று சொன்னேன். அவர் வண்டிக்குப் போனார். முன்பக்கம் போய்க் கைப்பிடியைச் சுற்றி இயந்திரத்தைக் கிளப்பி, இறங்குவதற்கு முன்னே பார்த்தே இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கைப் பை பிடித்து வந்தவர் அண்ணன்தான். என் வரிசைக்கு வந்தபோது பையை நீட்டினார். போட்டேன். அவர் பையைப் பார்த்தார், நான் கையைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் வரைக்கும் அவர் ஸ்டேஷனுக்கு வரவில்லை. மைனி மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போவ காளைவண்டி எப்பம் பூட்டுதிய?" என்று என் புருஷனிடம் கேட்டாள். காலையில் என்று அவர் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு போய்விட்டாள். இன்று திங்கட்கிழமை, வந்திருக்கிறேன்.

இதே மாதிரிப் போர்டு வண்டிகள் தாலுகாவில் வேறும் இருக்கின்றனவே, எப்படி உறுதியாகச் சொல்கிறாய் என்று கேட்டதற்கு: துணிக்கூரையின் பின்பக்கம் கிழிந்தபோது என் நீல ரவுக்கைத் துணியை வைத்து ஒட்டுத் தைத்தது நான். இடிக்கும்போது அந்த ஒட்டு என்னைப் பார்த்துத்தான் வந்தது. அதற்கு மேல் அண்ணன் முகத்தையும் கண்டேன்.

அண்ணன்மேல் சொத்துத் தகராறோ வேறு விரோதமோ உண்டா என்று கேட்டதற்கு: இல்லை. இன்றைக்கும் ஜெபத்தில் அவர் பெயரைச் சொன்ன பிறகே வண்டியில் ஏறினேன்.

எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வண்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பரிசோதனை செய்யும்போது, தொட்டியை நிறைத்துக்கொண்டு வந்தால் அது மூக்கு முன்னாலும் ஏறிக் காட்டும். அதைக் கண்டு, இந்தப் பெண்பிள்ளை சொன்னது பொய் என்று எழுதிவிடக் கூடாது. மெத்தையைத் தூக்கித் தொட்டியைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் குறைவாக வைத்து இரண்டு விதமாகவும் ஏற்றிப் பார்க்க வேண்டும். எஜமான் அவர்கள் சுமைதாங்கிப் பக்கம் நின்று பார்த்தால் போதும். சகாயத்தை இன்றைக்கே விட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவன் எனக்கு உறவும் அல்ல, சபையும் அல்ல.

அண்ணன் முகத்துக்கு நேரே இதைக் கோர்ட்டில் சொல்வாயா என்று கேட்டதற்கு, கோர்ட் வரைக்கும் ஏன், இங்கேயே கூப்பிடுங்கள், வாசித்துக் கேட்கட்டும் என்று சொன்னேன். எஜமான் அவர்கள் ஆளனுப்பினார். அண்ணன் வந்தார். மைனியும் கூட வந்தாள். இதுவரை எழுதியது முழுவதும் அவர் முன்னிலையில் ரைட்டரால் வாசிக்கப்பட்டது. அண்ணன் நின்றுகொண்டே கேட்டார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. வாசித்து முடிந்ததும், சாட்சியிடம் கேட்க வேண்டியது ஏதாவது உண்டா என்று எஜமான் அவர்கள் அவரைக் கேட்டார். ஒன்று உண்டு என்றார்.

"அந்தப் பொண்ணுக்க காலு மெய்யாவே எடுத்தாச்சா?" என்று என்னிடம் கேட்டார்.

"எடுத்தாச்சு அண்ணே" என்றேன்.

"அப்பம் எனக்குக் கேக்கதுக்கு ஒண்ணும் இல்ல. நான் முன்ன எழுதிக் கொடுத்தத கிழிச்சுப் போடுங்க" என்று எஜமான் அவர்களிடம் சொன்னார்.

இவ்வளவும் நான் சொன்னது. சொன்னதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. ரைட்டர் வாசித்தபின் நானும் காகிதத்தை வாங்கி எழுத்து எழுத்தாக வாசித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. கைநாட்டுக்கு மை கொண்டுவந்தார்கள். அது வேண்டாம் என்று பேனாவை வாங்கி, கடவுளை முன்னிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) கு. ஞானபாய்